பத்து விநாடியில் கழற்றலாம்

நான் வடிவமைத்த மின்னணுப் பூட்டின் முதல் மாதிரியில், பேட்டரி மாற்ற நான்கு திருகுகளைக் கழற்ற வேண்டும். ஒவ்வொன்றும் கடுகளவு. ஒன்று கீழே விழுந்தால் வீட்டையே பெருக்க வேண்டும். சோதனைக்காகத் தஞ்சாவூரில் அதை மாட்டிக்கொண்ட வாத்தியார் ஒருவர், "தம்பி, இதைத் தொறக்குற நேரத்துல கதவையே ஒடச்சிருக்கலாம்" என்றார். நல்ல மனிதர். உடைக்கவில்லை.

இரண்டாவது மாதிரியில் திருகே கிடையாது. கதவின் உள்பக்கம் இருக்கும் மூடியைக் கட்டைவிரலால் கீழே தள்ளினால், நான்கு பேட்டரியும் தட்டோடு கைக்கு வந்துவிடும். பத்து விநாடி. இதைச் செய்து முடித்த அன்று வீட்டில் யாரும் என்னோடு பேசவில்லை. காலையிலிருந்து அத்தனை தடவை கழற்றிக் காட்டியிருந்தேன்.

அதைப் பாபநாசத்துக்குப் பக்கத்தில் என் நண்பனுடைய அக்கா வீட்டு வாசல் கதவில் மாட்டினேன். அவன் லாத்தா என்பான், நான் அக்கா என்பேன். அக்காவின் கணவரும் மகளும் ஷார்ஜாவில் இருந்தார்கள். பேட்டரி கழற்றுவதை ஒரு தடவைதான் காட்டினேன். அடுத்த தடவை அக்காவே கழற்றிவிட்டு, "பட்டாணி உரிக்கிற மாதிரில்ல இருக்கு" என்றார். அதை என் நோட்டில் தேதி போட்டு எழுதிக்கொண்டேன்.

சில மாதம் கழித்து, மகளின் பிரசவத்துக்காக அக்கா ஷார்ஜா கிளம்பினார். மூன்று மாதம் ஆளில்லாத வீட்டில் பேட்டரி எவ்வளவு குறையும் என்று பார்க்க எனக்கு ஆசை. கிளம்பும் முன் அளவைக் குறித்துக்கொள்ள அன்று காலை போனேன். வழியனுப்ப வந்ததாகச் சொல்லிக்கொண்டேன்.

பெட்டிகள் காரில் ஏறியிருந்தன. கதவைச் சாத்திவிட்டு, உளுந்து மாவு டப்பாவை அணைத்துக்கொண்டு அக்கா வாசலில் நின்றார்.

"பேட்டரி எப்படிக்கா இருக்கு?"

"பத்திரமா இருக்கு தம்பி. கழட்டி பிஸ்கட் டப்பால போட்டு வச்சிட்டேன்."

"எந்த பேட்டரிய?"

"எல்லாத்தையும்தான். கடிகாரம், டிவி ரிமோட்டு, டார்ச்சு, உங்க பூட்டு."

வெளிநாடு போய்வரும் குடும்பங்களில் இது கேஸ் சிலிண்டரை மூடுவது மாதிரி ஒரு கடமை. விட்டுவிட்டுப் போனால், திரும்பி வரும்போது பேட்டரி கசிந்து, கம்பியெல்லாம் பச்சை பூத்துக் கிடக்கும். அக்கா கடமையை முடித்துவிட்டுக் கதவை இழுத்திருக்கிறார். விரல்ரேகை பார்த்துத் திறக்கும் என் பூட்டுக்கு, திறக்கத்தான் பேட்டரி வேண்டும். சாத்திக்கொள்ள வேண்டாம், தாழ் தானே விழுந்துவிடும். அதுவும் என் யோசனைதான்.

"பரவால்லக்கா, வந்து பாத்துக்கலாம்" என்றேன், பெரிய மனசோடு.

அப்போது டிரைவர் வழக்கமாகக் கேட்பதைக் கேட்டார். "பாஸ்போர்ட் எடுத்துக்கிட்டீங்கள்ல மாமி?"

அக்கா தோளைத் தடவிப் பார்த்தார். கைப்பை இல்லை. பேட்டரி கழற்றும்போது சாப்பாட்டு மேசையில் வைத்தது, அங்கேயே இருந்தது.

மணி பதினொன்றேகால். பன்னிரண்டுக்குக் கிளம்பினால்தான் திருச்சியில் விமானம். மகளுக்கு மறுநாள் ஆபரேஷன். இதை விட்டால், பிள்ளை பிறந்த பிறகுதான் போய்ச் சேர முடியும்.

ஜன்னலெல்லாம் கம்பி. கொல்லைக் கதவு உள்ளே தாழ். பூட்டில் சாவித்துவாரம் இல்லை. அசிங்கமாக இருக்கிறது என்று நான்தான் எடுத்திருந்தேன்.

"நீங்க செஞ்ச பூட்டுதானே தம்பி, தொறங்க" என்றார் அக்கா. கோபமே இல்லாமல் சொன்னார். கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை.

வழி ஒன்று வைத்திருந்தேன். பூட்டின் வெளிப்பக்கம் அடியில் இரண்டு பித்தளைப் புள்ளிகள். அதில் ஒன்பது வோல்ட் பேட்டரியை வைத்து அழுத்தினால் பூட்டுக்கு உயிர் வரும். 'எந்தக் கடையிலும் கிடைக்கும் ஒன்பது வோல்ட் பேட்டரி' என்று கையேட்டில் எழுதியிருக்கிறேன். பைக்கை எடுத்துக்கொண்டு அந்த 'எந்தக் கடையிலும்' தேடினேன். முதல் கடையில் அது என்னவென்றே தெரியவில்லை. இரண்டாவது கடையில் அடுத்த வாரம் வரச் சொன்னார்கள். மூன்றாவது கடைக்காரர், டார்ச்சுக்குச் செல் போட்டுக்கொண்டே கேட்டார்.

"அந்தச் சதுர பேட்டரியா? எதுக்கு சார்?"

சொன்னேன்.

"உள்ள எத்தனை பேட்டரி கட்டை போடுவீங்க?"

"நாலு. சின்ன கட்டை."

"நாலு கட்டைல ஓடுற சாமானுக்கு ஒன்பது வோல்ட்டு எதுக்கு? வெளியேருந்து அதே நாலு கட்டையக் குடுத்தா வாங்கிக்காதா?"

காரணம் சொல்ல வாயைத் திறந்தேன். காரணம் இல்லை. பன்னிரண்டு வருஷமாக இந்த வேலையில் இருக்கிறேன். நான்கு செல், ஒரு முழம் ஒயர் வாங்கிக்கொண்டு, அவர் முகத்தைப் பார்க்காமல் வந்துவிட்டேன்.

செல்களைச் செய்தித்தாளில் வரிசையாக வைத்து உருட்டினேன். டிரைவர் இரண்டு முனையிலும் ஒயரை வைத்து அழுத்திப் பிடித்தார். ஒயரின் மறுமுனைகளை நான் புள்ளிகளில் வைத்தேன். அக்கா விரலை வைத்தார். ஒன்றும் நடக்கவில்லை.

"ப்ளஸ்ஸு எது சார்?" என்றார் டிரைவர்.

குறி போட்டால் அழகு கெடும் என்று போடாமல் விட்டிருந்தேன்.

"மாத்திப் பிடிங்க" என்றேன், அதைத்தான் முதலிலேயே நினைத்திருந்தவன் போல. பச்சை விளக்கு எரிந்தது. கிர்ரென்று ஒரு சத்தம். அக்கா கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடினார்.

பையோடு வரும்போது இன்னொரு கையில் ஒரு பெரிய பித்தளைப் பூட்டும் வந்தது. கதவில் பழைய நாதாங்கி இன்னும் இருந்தது. அக்கா பூட்டினார்.

"கோச்சுக்காதீங்க தம்பி. ஒரு தடவ இழுத்துப் பாருங்க."

இழுத்துப் பார்த்தேன். தொங்கியும் பார்த்தேன்.

"கெட்டியா இருக்குக்கா."

கார் கிளம்பியபோது மணி பன்னிரண்டு அடிக்க ஐந்து நிமிஷம்.

சாயங்காலம் உட்கார்ந்து மூன்றாவது மாதிரியை வரைந்தேன். மூடி கொஞ்சம் நீளம், பக்கவாட்டில் தள்ளித் திறப்பது. திறந்தால் கதவின் விளிம்பைத் தாண்டி நீட்டிக்கொண்டு நிற்கும். உள்ளே பேட்டரி இல்லையென்றால் மூடிக்கொள்ளாது. கதவை இழுத்தால் நிலையில் இடிக்கும். பார்க்க அவலட்சணம்தான். அப்படியே விட்டுவிட்டேன்.

மறுநாள் மதியம் நண்பன் போன் செய்தான். பெண் குழந்தை. முதலில் லாத்தா கையில்தான் கொடுத்தார்களாம்.

"பூட்டப் பத்தி எதாவது சொன்னாங்களா?" என்று கேட்டேன்.

"பூட்டா? எந்தப் பூட்டு?" என்றான்.