வௌவாலும் தண்ணீரும் ஒரே வரிசையில்

எர்மிலோ ஸெர்த்தூச்சேக்கு இறைவன் அருளிய வரம் ஒன்றே ஒன்று: எந்தக் குழு எங்குக் கூடினாலும் அதற்குச் செயலர் அவரே. லா கார்ஸா பீங்கான் ஆலையில், இளமையிற் சூளைக்குத் தட்டு ஏற்றும் வேலையில் சேர்ந்தார். இடுப்புப் பிடித்துக்கொண்டபின் அலுவலகத்துக்கு மாற்றினார்கள். அங்கே அவர் நாற்காலிகளை நேராகப் போடுவதையும், பேசுகிறவரைக் குறுக்கிடாமற் கேட்பதையும் கண்ட மேலாளர்கள், இத்தகைய மாணிக்கத்தைக் கைவிடலாகாது என்று முடிவு செய்தனர். பாதுகாப்புக் குழு, குவாதலூப்பே அன்னையின் திருவிழாக் குழு, கால்பந்துக் குழு என்று மாலைப் பறவைகள் மரத்தில் அடைவதுபோல் ஒவ்வொன்றாக வந்து அவர் தலையில் அடைந்தன. கடைசியாக வந்து அமர்ந்தது நீடுநலக் குழு.

காற்றுக்கும் நீருக்கும் மண்ணுக்கும் மனிதருக்கும் ஆலை செய்வது என்ன, அவற்றுள் எதை முதலிற் சீர்செய்ய வேண்டும் என்று தேர்ந்து இயக்குநர் அவைக்கு உரைப்பதே இக்குழுவின் பணி. ஆராய வேண்டிய பொருள்கள், தூசி தொட்டு மலை வௌவால்களின் வாழ்விடம் வரை, பதினாறு. வரிசையின் தலையில் நிற்கும் நான்குக்கு மட்டுமே பணம் ஒதுக்குவார்கள், பொறுப்பாளராக ஓர் இயக்குநரையும் அமர்த்துவார்கள். பொறுப்பு என்பது வெறும் பெயரளவினது அன்று. அந்த இயக்குநரின் ஆண்டு ஊக்கத்தொகையில் ஒரு பங்கை அப்பொருளின் கழுத்திற் கட்டித் தொங்கவிடுவார்கள். ஐந்தாவதாக நிற்பதற்கு வாய்ப்பது அனுதாபம் மட்டுமே.

தண்ணீர் ஆண்டுதோறும் ஒன்பதாவதாக நின்றது.

எர்மிலோ குடியிருந்த மெஸ்கீத்தே குடியிருப்பு ஆலையின் மதிலை ஒட்டியது. அங்கே ஆலை ஊழியர் இல்லாத வீடு இல்லை. ஆகவே லா கார்ஸாவின் முதல்தரக் கழிப்பறைப் பீங்கான் இல்லாத வீடும் இல்லை. வெண்ணிலவை உருக்கி வார்த்தாற்போன்ற அந்தப் பீங்கான்களில் ஊற்றத்தான் நீர் இல்லை. குழாய் தன் மனம்போல வரும், தன் மனம்போலப் போகும். கழுவுநீரைத் தெளிவித்து மீண்டும் மீண்டும் சுழற்றும் நிலையம் ஒன்றை ஆலை கட்டினால், அது நிலத்தடியிலிருந்து உறிஞ்சும் நீர் பாதியாகும். குடியிருப்பின் கிணறு மூச்சுவிடும். நிலையத்தின் வரைபடம் எர்மிலோவின் அலமாரியில் இருந்தது. தண்ணீர் முதல் நான்குக்குள் ஏறினால் ஒழிய அது அங்கேயே இருக்கும். அதனை ஏற்றிவிட வேண்டும் என்பதைத் தவிர எர்மிலோவின் நெஞ்சில் வேறு வேண்டுதல் இல்லை.

வரிசைக்கு இரு குரல் வேண்டும் என்பது விதி: ஒன்று ஆலையின் குரல், மற்றொன்று அயலாரின் குரல். அயலாருக்கு ஆண்டுதோறும் அனுப்பிய கேள்வித்தாள்கள் கரியடுப்பு மூட்டப் பெரிதும் உதவின. அதனால் ஆலையின் குரல் ஒன்றே ஒலித்தது. அது உற்பத்தி இயக்குநர் இஞ்சினியர் பால்தசாரின் குரலை ஒத்திருந்ததில் வியப்பில்லை.

இவ்வாண்டு குழுத் தலைவி லியோனோரா அம்மையார் தலைநகரிலிருந்து ஷிமேனா என்னும் ஆலோசகரை வரவழைத்தார். ஷிமேனா இளையவள், கூர்மையானவள், வெளிநாட்டிற் பயின்று மீண்டவள். எளிய மக்களுக்குத் தாள் ஆகாது, படமே ஆகும் என்று கண்டாள். ஆளுக்கோர் அட்டை, அட்டைக்குப் பதினாறு படங்கள், நான்குக்கு நான்காக. முதற்படத்துக்கே எல்லாரும் சாய்ந்துவிடாதிருக்க அட்டைக்கு அட்டை படங்களை இடம் மாற்றி அச்சிட்டாள். விளக்கிக் காட்டுவதற்குத் தனியே ஒரு சீட்டுக்கட்டு. ஒட்டுவில்லைக்கு மாற்றாக, மண்ணின் மணம் கமழட்டும் என்று கிண்ணம் கிண்ணமாகப் பயறு.

ஒருவர் சீட்டுக் கூவ, மற்றவர் தம் அட்டையில் அந்தப் படத்தின்மேல் பயறு வைத்து, முதலில் ஒரு வரிசை நிரப்பியவர் பரிசு வெல்லும் திருவிழா ஆட்டம் லொத்தேரியா. அவள் படைத்தது முழுமுற்றான லொத்தேரியா என்பதை அவளிடம் எவரும் சொல்லவில்லை.

கோயில் மண்டபத்திற் கூட்டம் நிரம்பி வழிந்தது. வாயிலில் ஆலையின் புதுவகைக் கழிப்பறைப் பீங்கான் ஒன்று, குலுக்கற் பரிசென்று நாடா கட்டி வீற்றிருந்தது. ஷிமேனா முறையாக விளக்கினாள்: "உங்க வீட்டுக்கு எது முக்கியம்னு தோணுதோ, அந்தப் படத்து மேல பயறு வைங்க. அவ்வளவுதான்." எல்லாரும் தலையாட்டினர். ஒருவரும் வைக்கவில்லை. தான் நிற்பதாற் கூசுகிறார்கள் என்று எண்ணிய ஷிமேனா, எர்மிலோவிடம் மண்டபத்தை ஒப்படைத்துவிட்டு, பங்குத்தந்தை அழைத்த காப்பிக்கு முற்றத்துக்குச் சென்றாள்.

"வைங்கப்பா, ஏன் சும்மா இருக்கீங்க?" என்றார் எர்மிலோ.

முன்வரிசையில் இருந்த டோன்யா கிரெசென்சியா, குடியிருப்பின் வாய்த்துணிச்சலுக்கெல்லாம் தலைநகரம் போன்ற கைம்பெண், பயற்றைக் கைக்குள் மூடிக்கொண்டாள். "யாரும் கூப்பிடாம எப்படி வைக்கிறது? அதுக்குப் பேரு கள்ளாட்டம். எம் புருஷன் செத்தப்பக்கூட நான் ஒரு பயறு களவா வெச்சதில்ல."

"இது ஆட்டம் இல்ல, டோன்யா..."

"நாலுக்கு நாலு இருக்கு, பயறு இருக்கு, பரிசு வாசல்ல இருக்கு. ஆட்டம் இல்லன்னா பின்ன என்ன, பூசையா?"

மண்டபம் சிரித்தது. அப்போது எதெல்வினா எழுந்தாள். எர்மிலோவின் மனைவி, ஒவ்வொரு திருவிழாவிலும் லொத்தேரியாவுக்குச் சீட்டுக் கூவுகிறவள். படத்தின் பெயரை அப்படியே சொல்வது கூவுவோர்க்கு இழுக்கு. விடுகதைபோல் ஒரு வரி கட்டிச் சுற்றி வளைத்து இறுதியிற் பெயருக்கு வரவேண்டும். எதெல்வினா கட்டும் வரிகளைக் கேட்கவே அடுத்த குடியிருப்பிலிருந்து ஆள் வரும்.

"ஒரே ஒரு ஆட்டம், கெழவா. ஆடி முடிச்சா மனசு எளகிரும். அப்புறம் நீ சொல்ற மாதிரி வைப்பாங்க."

எர்மிலோ இசைந்தார். செயலர்களின் வீழ்ச்சியெல்லாம் இப்படி ஒரு நல்லெண்ணத்தில்தான் தொடங்குகிறது.

"ஓடுது பாரு, ஓடியே போகுது!" என்று எதெல்வினா சீட்டைப் பிரித்தாள். "தொடைக்கத் தொடைக்க மேசை மேல, தொரத்தத் தொரத்த மூக்குக்குள்ள... தூசி! மேல ஏற ஏணி உண்டு, மிதிக்கத்தான் விடமாட்டான்... பெரிய நாற்காலியில பொம்பள! குடுக்கறப்போ கடுகு, சொல்லறப்போ மலை... ஒழுங்கா வரி கட்டுறது! பகலெல்லாம் தலகீழாத் தொங்கும், நம்ம மேயர் மாதிரி, ராத்திரியாவது வேலை பாக்கும்... மலை வௌவால்! வருவேன் வருவேன்னு சொல்லுவான், வாசல்லயே நிக்க வைப்பான், கல்யாணத்துக்கு முந்தி எம் புருஷன் மாதிரி... தண்ணி!"

"புவேனாஸ்!" என்று கிரெசென்சியா வென்றோர் கூவும் கூவலிட்டுத் துள்ளி எழுந்தாள். தண்ணீர், பெரிய நாற்காலி, வரி, வௌவால். நான்கும் அவள் அட்டையில் ஒரே வரிசை. வரிசைக்கு வெளியே கிடந்த தூசிப் பயற்றை வழித்தெறிந்தாள்.

லொத்தேரியாவின் மரபு யாவரும் அறிந்ததே. ஒருவர் வென்றதும் மற்றவர் தம் அட்டையை வழித்துப் பயற்றைக் கிண்ணத்திற் கொட்டிவிடுவர். கொட்டினார்கள். ஆரவாரம் கேட்டு ஓடிவந்த ஷிமேனா, மக்கள் தம் கருத்தைச் சொல்லிக் களித்தனர் என்று மகிழ்ந்து, வரிசை வரிசையாக அட்டைகளைக் கைப்பேசியாற் படம் பிடித்தாள். எர்மிலோ வாயெடுத்தபோது, கருவி எண்ணிக்கொண்டிருக்கிறது, பேசவேண்டாம் என்று விரலை உயர்த்தினாள். கருவிக்குப் பயறில்லா அட்டைகள் கருத்துச் சொல்லா அட்டைகள். அவற்றை அது கணக்கிற் கொள்வதில்லை. பயறிருந்த அட்டை ஒன்றே. ஷிமேனா விமானத்தைப் பிடிக்கப் புறப்பட்டாள். கிரெசென்சியா பீங்கானை இடுப்பில் தூக்கிக்கொண்டு புறப்பட்டாள்.

அறிக்கை வந்தபோதுதான் எர்மிலோவுக்கு வியர்த்தது. அயலார் ஒருமித்த குரலில், நூற்றுக்கு நூறு, நான்கு பொருள்களையே வேண்டுகின்றனர் என்றது அது. தண்ணீர் முதலிடத்தில் இருந்தது. அதன் தோளோடு தோள் சேர்த்து வௌவால் இருந்தது.

"வாயத் தொறக்காத," என்றாள் எதெல்வினா அன்றிரவுச் சோற்றின்போது. "சாமியே பாத்துக் குடுத்த தண்ணி. நீ வாயத் தொறந்து கொட்டிராத."

"சீட்டுக் குடுத்த தண்ணி, கெழவி."

"சீட்டு யாரு கையில இருக்கு? சாமி கையில."

"உன் கையில இருந்துச்சு."

"அதுவும் சாமி குடுத்த கைதான்."

குழு கூடியது. லியோனோரா அம்மையார் அறிக்கையைத் தடவித் தடவி மகிழ்ந்தார். பால்தசார் மகிழவில்லை. அவர் தம் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக எர்மிலோவை நோக்கினார்.

"நீங்க அங்கதானே குடியிருக்கீங்க? உங்க ஜனங்க வௌவாலை நினைச்சுத் தூக்கமில்லாம புரளுறாங்களா?"

எர்மிலோவின் வாயில் இருந்தது ஒரே சொல். ஆம் என்றால் அலமாரியிலுள்ள வரைபடம் எழுந்து நடக்கும். ஆனால் அவர் பல குழுக்களை உள்ளிருந்து கண்டவர். தற்செயலாய் ஏறியதைத் தற்செயலென்று நிறுவுவது மிக எளிது. அடுத்த ஆண்டே பால்தசார் அதை நிறுவுவார். அதன்பின் அயலாரின் குரல் என்று எதைக் கொண்டுவந்தாலும் இந்த மேசையில் வௌவால் சிறகடிக்கும். அவர் எழுந்து நின்று, நிகழ்ந்ததை நிகழ்ந்தவாறே உரைத்தார். தம் மனைவியே கூவினாள் என்பதையும் மறைக்கவில்லை.

பின்னர் பால்தசார் வயிறு குலுங்கச் சிரித்தார். "அப்போ பழைய வரிசையே நிக்கட்டும். தண்ணி ஒன்பது."

"நிக்காது," என்றார் லியோனோரா. அவர் சிரிக்கவில்லை, ஆனால் உதட்டோரம் தாங்காமல் துடித்தது. "தப்பு ஜனங்க மேல இல்ல. அவங்க ஆட்டத்த அவங்ககிட்டயே குடுத்துட்டு, விதிய நாம மாத்திச் சொல்லிருக்கோம். இயக்குநர் அவை கூட இன்னும் நாள் இருக்கு. ஞாயித்துக்கிழமை மறுபடி கூட்டுங்க. நானும் வரேன். இஞ்சினியரும் வருவார்."

"நானா? எதுக்கு?" என்றார் பால்தசார்.

"பயறு வைக்க."

புதிய ஏற்பாடு எளியது. பதினாறு மண்சட்டிகள், சட்டிக்கொரு படம். சீட்டைக் கூவியதும், அத்துன்பம் எவர் வீட்டில் உண்டோ அவர் எழுந்து சென்று அச்சட்டியில் ஒரு பயறு இடவேண்டும். ஆளுக்கு நான்கே பயறு. ஆயினும் கூவாமல் மெஸ்கீத்தேயில் ஒரு பயறும் அசையாது. கூவ வேண்டியவளோ கணவனோடு பேச்சை நிறுத்தியிருந்தாள். கூட்டத்துக்கு முந்தைய நாள்தான், அடுப்பை நோக்கியவாறு பேசினாள்.

"கூவறேன். உனக்காக இல்ல. என் சீட்டக் கள்ளச்சீட்டுன்னு அந்த இஞ்சினியர் சிரிச்சானாமே, அவன் கேக்கணும்."

ஞாயிறன்று லியோனோரா அவளைத் தனியே அழைத்து, எந்தப் பொருளுக்கும் சாய்வு காட்டலாகாது என்று பணிவோடு வேண்டினார். எதெல்வினா தலையசைத்தாள். பால்தசார், கிரெசென்சியாவின் பக்கத்தில் இடம் கிடைத்து, நான்கு பயறுகளை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்து முதல்நாட் பிள்ளைபோல் அமர்ந்திருந்தார்.

எதெல்வினா அன்று கூவியதுபோல் என்றும் கூவியதில்லை. இரைச்சலுக்கு ஒரு வரி, புகைக்கு இருவரி, ஆலை கட்டும் வரிக்கு ஒரு தாலாட்டு. வௌவாலுக்கோ மணமகளுக்குரிய அலங்காரமெல்லாம் பூட்டி அப்படியொரு பாட்டு. மண்டபம் விழுந்து விழுந்து சிரித்தது. சிரித்தவர்கள் சட்டிக்குச் சென்றார்களா என்றால், இல்லை. இரைச்சலுக்குச் சிலர், தூசிக்குப் பலர், லாரிகளுக்குச் சிலர் எழுந்தனர். வௌவால் சட்டி வெறுமையாகவே இருந்தது.

அடுத்த சீட்டைப் பிரித்தாள். பார்த்தாள். மண்டபம் சிரிக்க ஆயத்தமாயிற்று. முன்பு சொன்ன கல்யாண வரி வரும் என்று எர்மிலோ காதுமடல் சிவக்கக் காத்திருந்தார்.

"தண்ணி," என்றாள் எதெல்வினா.

வரி இல்லை, சுற்றி வளைப்பு இல்லை. கூவுகிறவள் ஒருத்தி பெயரை அப்படியே சொன்னது அம்மண்டபத்தில் அதுவே முதன்முறை. பின்பு நாற்காலிகள் உராயும் ஒலி எழுந்தது. எல்லா வரிசைகளும் எழுந்தன. சட்டி நிறைந்து பயறு தரையில் உருண்டது. குனிந்து பொறுக்கி மறுபடி இட்டார்கள்.

அமர்ந்திருந்தவர் பால்தசார் ஒருவரே. கிரெசென்சியா திரும்பிப் பார்த்தாள்.

"ஏன் இஞ்சினியரே, உங்க வீட்ல குளிக்கிற வழக்கம் இல்லையா?"

"எங்க வீட்ல ஆலைக் குழாய்த் தண்ணி எப்பவும் வருதம்மா."

"அது எங்க கெணத்துத் தண்ணிதான், ராசா. ஆலை உறிஞ்சறது எங்கேர்ந்துன்னு நெனச்சீங்க? போய் வைங்க. நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன்." இதனை அவள் மண்டபம் முழுதும் கேட்கச் சொன்னாள்.

பால்தசார் எழுந்தார். சட்டியருகிற் சென்றவர், ஒரு பயறு போதுமா என்று எர்மிலோவை மெல்லக் கேட்டார். விதி ஒன்றுதான் என்றார் செயலர்.

இயக்குநர் அவை வரிசையை ஏற்றது: தண்ணீர் முதலாவது, தூசி இரண்டாவது. தண்ணீருக்குப் பொறுப்பாளர் யார் என்ற வினா எழுந்தபோது, நீரை மிகுதியாய்ச் செலவிடுவது எத்துறையோ அதன் தலைவரே என்று லியோனோரா அம்மையார் இனிமையாக மொழிந்தார். பால்தசாரின் ஊக்கத்தொகை அன்றே நிலத்தடி நீர்மட்டத்தோடு முடிச்சிடப்பட்டது. வரைபடம் அலமாரியை விட்டு எழுந்தது.

அன்றுமுதல் எர்மிலோவின் வீட்டுத் தொலைபேசி விடியுமுன் மணியடிக்கலாயிற்று. எதெல்வினா போர்வைக்குள்ளிருந்து தலையை நீட்டினாள்.

"யாரு, இந்நேரத்துல?"

"இஞ்சினியர். நம்ம கெணத்துல தண்ணி எவ்வளவு நிக்குதுன்னு எட்டிப் பாத்துச் சொல்லணுமாம். கசியுற குழாய் ஏதாவது கண்ணுல பட்டாலும் சொல்லணுமாம்."

"பாவம், போய்ப் பாத்துச் சொல்லு," என்று அவள் மறுபக்கம் புரண்டாள். "இத்தன வருஷம் நமக்கு மட்டும் தாகம். இப்பத்தான் அந்த மனுஷனுக்கும் தொண்ட வறண்டிருக்கு."