நடுவீட்டில் கிடத்தும் வரை

எங்கள் இல்லத்துக்கு வருகிறவர்கள் ஆஸ்பத்திரிகள் திருப்பி அனுப்பியவர்கள். குணப்படுத்துவது எங்கள் வேலை இல்லை. புண்ணைக் கழுவுவோம், வலிக்கு மருந்து கொடுப்போம், படுக்கையை மாற்றுவோம். கன்னியர் மடத்தில் சேர்ந்தபோது இதைவிட நம்பிக்கையான வேலை ஒன்றை நான் நினைத்திருந்தேன்.

கீழ்பென்னாத்தூர் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்த அந்த அம்மாவுக்கு மார்பில் புற்று. கட்டியாக இருந்தவரை யாரிடமும் சொல்லவில்லை. உடைந்த பிறகுதான் சொல்லியிருக்கிறார். காலையில் நான் கட்டைப் பிரிக்கும்போது பக்கத்துப் படுக்கைக்காரர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். மாத்திரையைப் பொடித்துப் புண்மேல் தூவினால் நாற்றம் கொஞ்சம் அடங்கும். தூவி முடிக்கும்வரை அவர் என்னைச் சீண்டிக்கொண்டிருப்பார்.

“உங்க சாமிகிட்ட சொல்லி என்னைச் சீக்கிரம் அனுப்புங்க சிஸ்டர்.”

“உங்க சாமி பக்கத்துலயே இருக்காரே, அவர்கிட்ட கேளுங்களேன்.”

“அண்ணாமலையாருக்குக் கூட்டம் ஜாஸ்தி. நான் கேட்டா காதுல விழுமா? உங்க கோயில்லதான் கூட்டம் கம்மி.”

விளையாட்டில்லாமல் கேட்டது ஒன்றுதான். “உசுரு எங்க வூட்லதான் போவணும் சிஸ்டர். வெளியில போச்சுன்னா உள்ள வுடமாட்டாங்க.”

அவர்கள் ஊர் வழக்கம் அது. வெளியில் இறந்தவரின் உடல் வாசற்படியைத் தாண்டக் கூடாது. தெருவில் பந்தல் போட்டுக் கிடத்தி, அங்கிருந்தே சுடுகாட்டுக்கு எடுத்துவிடுவார்கள். அவரும் கணவரும் கல் சுமந்து கட்டிய வீடு. அதன் நடுவீட்டில் கிடத்த வேண்டும் என்பதுதான் அவருடைய ஆசை.

முன்னதாகவே கூட்டிப் போகும்படி மகனிடம் சொன்னேன். அவர் கிரிவலப் பாதையில் இளநீர்க் கடை வைத்திருப்பவர். “பௌர்ணமி முடிஞ்சிடட்டும் சிஸ்டர். அன்னிக்கு வர வியாபாரத்துலதான் மாசமே ஓடுது” என்றார்.

பௌர்ணமியன்று காலையில் அந்த அம்மாவுக்கு நினைவு தப்பியது. மூச்சு இழுத்து, நின்று, மறுபடி இழுத்தது. போன் செய்ததும் மகன் கடையைப் போட்டது போட்டபடி ஓடிவந்தார். எங்கள் வேனில் ஆக்சிஜன் சிலிண்டரை ஏற்றி, நானும் உடன் போனேன். நகரத்தைக் கடந்துதான் அந்தப் பக்கம் போக வேண்டும். திரும்பிய இடமெல்லாம் தடுப்பு வைத்திருந்தார்கள். போலீஸ்காரர் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு வழிவிட்டாலும், முன்னால் நடந்த ஜனங்களுக்கு விலகி நிற்க இடமில்லை.

ஒருவழியாக நகரத்தைத் தாண்டி நிலக்கடலை வயல்கள் தொடங்கிய இடத்தில் மூச்சு நின்றது. மறுபடி இழுக்கவில்லை. கழுத்தில் விரல் வைத்துப் பார்த்தேன். ஸ்டெதாஸ்கோப்பையும் வைத்துப் பார்த்தேன்.

மகன் என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டார். “மாஸ்க்க எடுத்துடாதீங்க சிஸ்டர். உங்க கால்ல விழறேன். உள்ள போற வரைக்கும் இருக்கட்டும்.”

நான் எடுக்கவில்லை. பாதி திறந்திருந்த இமைகளை மூடிவிட்டேன். இறந்தவர்களுக்காக நாங்கள் சொல்லும் ஜெபத்தை உதடு அசையாமல் சொன்னேன்.

வீட்டு வாசலில் அவருடைய கணவரின் அண்ணன் நின்றிருந்தார். “எப்படிங்க இருக்குது?” என்று என்னைக் கேட்டார்.

“சீக்கிரம் உள்ள தூக்குங்க” என்றேன். சிலிண்டர் சீறிக்கொண்டிருந்தது. அதற்குமேல் யாரும் கேட்கவில்லை.

நடுவீட்டில் கிடத்தியதும் முடிந்தது என்று நினைத்தேன். “இழுத்துக்கினு இருக்குது, பால் ஊத்துங்க” என்றார் பெரியவர். சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து உட்கார்ந்தார்கள். நான் மாஸ்க்கைத் தூக்கிப் பிடிப்பேன். அவர்கள் ஸ்பூனால் ஊற்றுவார்கள். பால் வாயில் தேங்கிக் கடைவாய் வழியாக ஒழுகும். அடுத்தவர் பார்க்குமுன் பஞ்சால் துடைத்துவிட்டு மாஸ்க்கை மறுபடி வைப்பேன். யாரும் கையைத் தொடாதிருக்கப் போர்வையை விரல் நுனிவரை இழுத்துவிட்டிருந்தேன். செங்கத்திலிருந்து மகள் வரவேண்டும் என்று காத்திருந்தார்கள். அவரும் அதே கூட்டத்தில் மாட்டியிருந்தார்.

மகள் வந்ததும் தாயின் தலையை மடியில் எடுத்துவைத்து ஊற்றினார். தலை சாய்ந்த வாக்கில் பால் தொண்டைக்குள் இறங்கிச் சத்தம் கேட்டது.

“முழுங்கிச்சு! பாருங்க, அம்மா முழுங்கிச்சு!”

மகன் சுவரைப் பார்த்துக்கொண்டு, “சொல்லிடுங்க சிஸ்டர்” என்றார். நான் சிலிண்டரை மூடினேன். ஒப்பாரி எழுந்தது.

கிளம்பும்போது மகள் வேன்வரை வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். “என் கையால குடிச்சிட்டுத்தான் போச்சு, இல்லங்க சிஸ்டர்? எனக்காகத்தான் உசுரப் புடிச்சிக்கினு இருந்துது.”

“ஆமாம்மா.”

“வழியில என்னைக் கேட்டுச்சா?”

“இல்லம்மா” என்றேன்.

அவர் என் கையை விட்டுவிட்டு உள்ளே போனார்.