வெண்கலத்தின் தேர்வு வகுப்பு

மேடைப் பாடகரான அவரை ஊரில் எல்லோரும் வெண்கலம் என்றுதான் கூப்பிடுவார்கள். குரல் அப்படி. அந்தக் குரலை வைத்துக்கொண்டு, இசை ஆசிரியர் பயிற்சியில் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்திக் காட்டும் தேர்வு வகுப்பில் இரண்டு தடவை கோட்டை விட்டார் என்றால் யார் நம்புவார்கள்?

காரணம் கேட்டால் சிரிப்பீர்கள். அவர் பாடினால் பிள்ளைகள் வாயைப் பிளந்து கேட்பார்கள். கூடப் பாடச் சொன்னாலோ, அந்தக் கனத்த ஆண்குரலின் சுருதியில் ஒரு பிள்ளைக்கும் குரல் எழும்பாது.

"நீங்க கச்சேரி பண்றீங்க, பாடம் நடத்தலை. பிள்ளைங்க சுருதிக்குப் போங்க," என்று பயிற்சி கொடுக்கும் டீச்சர் தலைபாடாய் அடித்துக்கொண்டார்.

"அதுல எனக்கு மேலயும் எட்டாது, கீழயும் நிக்காது டீச்சர். மானம் போயிடும்."

இது மூன்றாவது தடவை. நாலாவது கிடையாது. தேறினால் ஒரு பள்ளிக்கூட வேலை காத்திருந்தது. விடிய விடிய மேடை, அவர் வரட்டும் என்று தாழ் போடாத கதவு, விடிந்தபின் தூக்கம் என்ற பிழைப்பு போதும் என்று சொல்லிச் சொல்லி மனைவிக்கு வாய் வலித்துவிட்டது. "இன்னிக்காவது மானத்தை வீட்டுல வச்சிட்டுப் போங்க," என்று அனுப்பினாள்.

வகுப்பில் டீச்சர் மார்க் போடக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பாட வாயெடுத்த வெண்கலம் சட்டென்று நிறுத்தி, முன்வரிசை வாயாடிச் சிறுமியிடம், "நீ எடும்மா, நான் பின்னாடி வர்றேன்," என்றார்.

எடுத்தாள் பாருங்கள், கூரை உயரத்தில். இரண்டாவது வரியிலேயே வெண்கலத்தின் குரல் கிறீச்சிட்டு உடைந்தது. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவருக்குக் காது சிவந்தது. ஆனாலும் நிறுத்தாமல், தாளம் போட்டபடி உடைந்த குரலிலேயே இழுத்துப் போனார். சார் பாடும் லட்சணத்தைப் பார்த்ததும் பிள்ளைகளுக்குக் கூச்சம் விட்டுப் போயிற்று. உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தவர்கள்கூடத் தொண்டை திறந்து பாடினார்கள்.

மணி அடித்ததும் டீச்சர் வந்தார். "இன்னிக்கு நீங்க ரொம்ப மோசமாப் பாடினீங்க."

வெண்கலம் பையை எடுத்துக்கொண்டு வாசலைப் பார்த்தார்.

"பிள்ளைங்க அத்தனை பேரும் பாடினாங்க. பாஸ்."

அப்பாடா என்று இருந்தது அவருக்கு. வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து மனைவிக்குப் போன் போட்டார்.

"குரல் என்ன இப்படிக் கட்டியிருக்கு? இந்தத் தடவையும் போச்சா?"

"கிடைச்சிடுச்சு."

அவள் மெதுவாகக் கேட்டாள். "அப்ப இனிமே ராத்திரி கதவைத் தாழ் போட்டுட்டுத் தூங்கலாமா?"

"போடு. நான் உள்ளதான் இருப்பேன்."