கோசோங் ரொட்டியும் என் கொழுப்பும்

இந்த ஊரில் தேநீர் கேட்கப் பழகவே எனக்கு ஒரு மாதம் பிடித்தது. 'தே' என்றால் பாலும் சர்க்கரையும் வழிய வரும். 'தே ஓ' என்றால் பால் இருக்காது, சர்க்கரை இருக்கும். 'தே ஓ கோசோங்' என்றால்தான் இரண்டும் இல்லாத வெறும் தேநீர். கோசோங் என்ற மலாய்ச் சொல்லுக்குக் காலி என்று பொருள். வேலைக்காக மலேசியாவின் பிரிக்பீல்ட்ஸ் பகுதிக்கு வந்து நான் உருப்படியாகக் கற்ற முதல் சொல் அது. அதுவே என்னைக் கவிழ்த்தது.

வந்த ஆறாம் மாதம் அலுவலகத்தில் எல்லாருக்கும் இரத்தப் பரிசோதனை செய்தார்கள். எனக்குக் கெட்ட கொழுப்பு அதிகம் என்று வந்தது. எனக்கு வயது நாற்பத்தேழு. பாளையங்கோட்டையில் என் அப்பா ஐம்பத்தொன்றாம் வயதில், ஒரு நாள் காலையில் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருக்கும்போதே நெஞ்சைப் பிடித்துச் சாய்ந்தவர். எங்கள் வீட்டில் எண்ணெய் மிதக்காத குழம்பைப் பரிமாறினால் விருந்தாளியை அவமதித்ததாக அர்த்தம். அப்பா போன பிறகும் அந்த வழக்கம் மாறவில்லை.

பயத்தில் நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோறு, பொரித்த கோழி எல்லாவற்றையும் நிறுத்தினேன். காலையில் கீழ்க்கடையில் ரொட்டி கோசோங் மட்டும். காலி ரொட்டியில் எண்ணெய் எங்கிருந்து வரும்? இவ்வளவு மெத்தென்று இருக்கிறதே என்று வியந்து சில நாள் மூன்றுகூடச் சாப்பிட்டேன். மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் கொழுப்பு இன்னும் ஏறியிருந்தது.

டாக்டர் இந்த ஊர்த் தமிழ்ப் பெண். "காலைக்கு என்ன சாப்பிடுறீங்க?" என்று கேட்டார்.

"ரொட்டி கோசோங்தான் டாக்டர். எண்ணெயே கிடையாது."

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "ஐயோ சார்! உள்ள முட்டை, வெங்காயம் இல்லன்னுதான் கோசோங். மாவு முழுக்க மார்ஜரின் லா!"

எனக்கும் சிரிப்பு வந்தது, அப்பாவை நினைத்ததும் நின்றது. டாக்டர் என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டு, "இன்னொரு மூணு மாசம் சாப்பாட்ட ஒழுங்கா மாத்திப் பாப்போம். குறையலன்னா மாத்திரை" என்றார்.

எதிர்வீட்டு மேரி அக்காவிடம் இதைச் சொன்னேன். கிள்ளானில் பிறந்தவர், அப்பா ரயில்வேயில் இருந்தவர். "சனிக்கிழம கிள்ளான் பாசாருக்குப் போறேன். நீங்களும் வாங்க தம்பி" என்று ரயிலேற்றி அழைத்துப் போனார். அங்கே ஒரு மலாய் அம்மாவின் கடையில் வட்ட வட்ட இலைக்கட்டைப் பார்த்து, "வல்லாரை!" என்று கத்திவிட்டேன். அவர் பதறி, "புக்கான், பெகாகா" என்று, அதாவது அது இல்லை, பெகாகா என்று திருத்தினார். நான் வல்லாரை என்க, அவர் பெகாகா என்க, நடுவில் நின்ற மேரி அக்கா, "ரெண்டும் ஒண்ணுதான், சண்ட போடாதீங்க" என்றார். பள்ளித்தோழனை அயலூரில் வேறு பெயரோடு சந்தித்ததுபோல் இருந்தது எனக்கு.

அன்று கெம்போங் மீனும் வாங்கினோம். வெட்டிக் கழுவும்போதுதான் அது நம் கானாங்கெளுத்தி என்று தெரிந்தது. "பொரிக்க வேணாம், தேங்காப்பால் வேணாம். புளியும் மிளகும் போட்டுக் கொதிக்க விடுங்க" என்றார் அக்கா. காலையில் ஓட்ஸ், மத்தியானம் கீரையும் பயறும், சாயங்காலம் அவித்த கொண்டைக்கடலை. முதல் வாரம் நாக்கு என்னோடு பேசவே இல்லை. மூன்றாம் வாரம் வெண்டைக்காய்க்கு இவ்வளவு ருசி உண்டா என்று ஆச்சரியப்பட்டேன்.

போன வாரம் முடிவு வந்தது. கொழுப்பு நன்றாக இறங்கியிருந்தது. "மாத்திரை இப்ப வேணாம். ஆனா விட்டுடாதீங்க" என்றார் டாக்டர். நான் மின்தூக்கிக்குக் காத்திராமல் படியேறி ஓடிப்போய் மேரி அக்காவின் கதவைத் தட்டினேன். அவர் தாளைப் பார்த்துவிட்டு என் இரு கைகளையும் பிடித்துக் குலுக்கினார்.

அன்று இரவுச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்து, ஊரில் மகனின் படிப்புக்காகத் தங்கிவிட்ட என் மனைவி செல்வியை வீடியோவில் அழைத்தேன். இங்கே ஏழரை மணி, அங்கே ஐந்து. செய்தியைக் கேட்டதும் கண் துடைத்தாள். துடைத்த கையாலேயே சட்டியிலிருந்து அப்போதுதான் எடுத்த வாழைக்காய் பஜ்ஜியைக் காட்டினாள்.

"உங்களுக்குத்தான் கூடாது. சத்தமாவது கேளுங்க."

கைபேசிக்கு அருகில் வைத்துக் கடித்தாள். அந்த மொறுமொறு என் அறை முழுக்கக் கேட்டது. நான் கண்ணை மூடி, என் தட்டிலிருந்த கீரையை மெல்ல மென்றேன்.