நோட்டில் இருந்த நான்கு பேர்

சென்னை அம்பத்தூர் தொழிற்பேட்டையில் கிரைண்டிங் மெஷினில் நிற்கிறவனுக்குப் பேச்சு அதிகம் தேவைப்படாது. அந்த இரைச்சலில் கையைக் காட்டினாலே போதும். இருபத்திரண்டு வருஷம் எனக்கு அப்படியே ஓடிவிட்டது. அது வசதியாகவும் இருந்தது. நாலு பேர் முன்னால் வாயைத் திறக்க எனக்குச் சின்ன வயதிலிருந்தே கூச்சம்.

என் மனைவி நர்ஸ். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஆஸ்திரேலியாவில் வேலை கிடைத்துப் போனாள். மறு வருஷம் மகளையும் அழைத்துக்கொண்டாள். நிரந்தரமாகத் தங்க அனுமதி வரட்டும், அப்புறம் நான் வருகிறேன் என்று பருத்திப்பட்டு ஏரிக்கு அருகில் எங்கள் வீட்டிலேயே இருந்துவிட்டேன். இப்போது அந்த அனுமதிக்கு விண்ணப்பிக்கும் நேரம் வந்தது. என்னையும் அதில் சேர்க்க வேண்டுமானால், எனக்கு ஓரளவு ஆங்கிலம் தெரியும் என்று பரீட்சை எழுதிக் காட்ட வேண்டும். நான் பத்தாவது வரை தமிழில் படித்தவன்.

கேட்பது, வாசிப்பது, எழுதுவது, பேசுவது என்று அந்தப் பரீட்சைக்கு நான்கு பகுதி. ஒவ்வொன்றுக்கும் ஒன்பது வரை மதிப்பெண். காலேஜில் சேரப் போகிறவர்கள் எழுதுவது ஒரு வகை. வேலைக்கும் குடியேறவும் போகிறவர்கள் எழுதுவது இன்னொரு வகை. என் மனைவி ஒவ்வொரு பகுதியிலும் ஏழு வாங்கித்தான் போனாள். எனக்குச் சராசரி நாலரை வந்தால் போதும்.

ஆவடியில் செல்போன் கடைக்கு மேல் மாடியில் ஒரு பயிற்சி வகுப்பு. வாரம் இரண்டு நாள் வேலை முடிந்து அங்கே போய்க் கடைசி பெஞ்சில் உட்காருவேன். மற்றவர்கள் எல்லாம் மேல்படிப்புக்குப் போகிற பிள்ளைகள். உணவு டெலிவரி செய்துகொண்டே படிக்கிற ஒருவன் மட்டும் என்னோடு பேசுவான்.

"அண்ணாத்தே, நீ வாயத் தொறந்தா ஊருக்கே பிரியாணி போடுறேன்."

"அப்ப உனக்குச் செலவே இல்ல" என்றேன். வகுப்பே சிரித்தது. அந்த வகுப்பில் நான் உருப்படியாகப் பேசியது அது ஒன்றுதான்.

அங்கே ஒரு நோட்டு உண்டு. முன்னால் எழுதி ஜெயித்தவர்களின் பதில்களை ஜெராக்ஸ் எடுத்து, ஒரு பேட்சிலிருந்து அடுத்த பேட்சுக்குக் கொடுத்துக்கொண்டே இருப்பார்கள். குடும்பம் பற்றிய பதில் எல்லாருக்கும் ஒன்றுதான். எங்கள் வீட்டில் நான்கு பேர். மாலையில் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவோம். மகள் பள்ளிக்கூடத்துக் கதை சொல்வாள். மகன் எல்லோரையும் சிரிக்க வைப்பான்.

எனக்கு மகன் இல்லை. நாங்கள் மூன்று பேர்தான். ஆனால் நடுவில் ஒரு வரியை எடுத்தால் மற்ற வரிகளும் மறந்துபோயின. அதனால் மகனை அப்படியே விட்டுவிட்டேன். தினமும் சமைத்துக்கொண்டே அதைச் சத்தமாகச் சொல்லிப் பார்ப்பேன். ஒருநாள் பக்கத்து வீட்டு அம்மா கதவைத் தட்டினார்.

"இன்னாப்பா, ஊட்டுக்கு யார்னா வந்துகீறாங்களா? ஒரே பேச்சுச் சத்தமா கீது."

"இல்லக்கா, படிக்கிறேன்."

அவர் எட்டி உள்ளே பார்த்துவிட்டுப் போனார்.

பரீட்சையில் மற்ற மூன்று பகுதிகளையும் எப்படியோ எழுதி முடித்தேன். பேசும் பகுதிக்கு ஒரு சின்ன அறை. எதிரில் என் வயதுள்ள ஓர் அம்மா. மேஜையில் பதிவு செய்யும் கருவி. அவர் ஒரு அட்டையை நீட்டினார். வீட்டில் ஒரு மாலை நேரம் எப்படிப் போகும் என்று இரண்டு நிமிடம் சொல்ல வேண்டும்.

நோட்டில் இருந்ததுதான். சந்தோஷமாகத் தொடங்கினேன். நான்கு பேர், சாப்பாடு, மகளின் கதை. மகன் வந்ததும் நின்றுவிட்டேன். அடுத்த வரி வரவில்லை. நிறுத்தினால் மார்க் போகும் என்று வகுப்பில் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள். அந்த அம்மா என்னையே பார்த்துக்கொண்டு காத்திருந்தார். அவசரப்படுத்தவில்லை. என் முகத்தைப் பார்த்து, நான் சொல்லப்போவதற்காக ஒருவர் காத்திருந்து வெகுநாள் ஆகியிருந்தது.

"மன்னிக்கணும் மேடம்" என்றேன் ஆங்கிலத்தில். "நான்கு பேர் இல்லை. நான் ஒருத்தன். ஆறரை மணிக்கு வருவேன். கதவைத் திறப்பேன். டிவி போடுவேன். பார்க்க மாட்டேன். ஒரு தட்டு கழுவுவேன். அப்போது ஆஸ்திரேலியாவில் நடு ராத்திரி. மகள் தூங்கியிருப்பாள். ஏரிப் பக்கம் நடப்பேன். எல்லாரும் ஜோடியாக நடப்பார்கள். நான் செல்போனைக் காதில் வைத்துக்கொள்வேன். அதில் யாரும் பேசவில்லை. சும்மா."

இன்னும் என்னவெல்லாமோ சொன்னேன். அவர் கையை உயர்த்தி நிறுத்தும்வரை பேசினேன்.

முடிவு வந்தது. பேசுவதில் ஐந்து. வாசிப்பதில் நான்கு. மற்ற இரண்டிலும் மூன்றரை. சராசரி நான்கு. அரை மதிப்பெண் போதவில்லை. எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமைதான் பேச நேரம் கிடைக்கும். வீடியோவை அணைத்துவிட்டு மனைவியிடம் சொன்னேன்.

"பரவால்ல, இன்னொரு தபா எழுது. விண்ணப்பம் கொஞ்ச நாள் நிக்கட்டும்" என்றாள். பிறகு சிரித்தாள். "ஆனா பேசறதுல அஞ்சா? நீயாய்யா? கல்யாணத்தன்னிக்குக்கூட எங்கிட்ட வாயத் தொறக்கலியே. அப்டி இன்னாதான் பேசுன?"

"ஊட்ல யாருமில்லன்னு சொன்னேன்."

அவள் சிரிப்பு நின்றது.

"எங்கிட்ட ஒரு நாளும் சொல்லலியே."

"சாப்ட்டியான்னு கேப்ப. சாப்ட்டேன்னு சொல்வேன்."

இணைப்பு போய்விட்டதோ என்று செல்போனை எடுத்துப் பார்த்தேன். நொடிகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன.

"சரி, இப்ப சொல்லு" என்றாள். "அங்க சொன்னத அப்டியே சொல்லு. ஊட்டுக்கு வந்து கதவத் தொறக்கிற. அப்பறம்?"

டிவி போடுவேன் என்றேன். பார்க்க மாட்டேன் என்றேன்.