பிடியரிசி ஏலம்

அறுபதுகளின் தொடக்கத்தில் எனக்கு இரண்டு வேலை. வாரநாட்களில் குன்றின் மேலிருந்த இறையியல் கல்லூரியில் எபிரேயத் தீர்க்கதரிசிகளைப் படித்தேன். ஞாயிறுகளில் தேக்கா சந்தைக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் தமிழ்ச் சபைக்கு உபதேசியார். தீர்க்கதரிசிகள் என்றால் எனக்குப் பைத்தியம். ராஜாவின் முகத்துக்கு நேரே நின்று குற்றத்தைச் சொன்னவர்கள் அல்லவா? அவர்கள் வாக்குகளைப் பஸ்ஸில் முணுமுணுத்துக்கொண்டே வருவேன். பக்கத்தில் இருப்பவர்கள் எழுந்து வேறிடம் போனதுண்டு.

சபையில் பிடியரிசி வழக்கம் இருந்தது. பெண்கள் உலை வைக்குமுன் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைப்பார்கள். ஞாயிறன்று அதைக் கோயில் பானையில் கொட்டுவார்கள். ஆராதனை முடிந்ததும் ஏலம் போடுவது உபதேசியார் வேலை. பல வீட்டு அரிசி கலந்தால் சீராக வேகாது. அதனால் பெரும்பாலும் மண்டோர்தான் எடுப்பார், தம் கோழிகளுக்கு. அவர் துப்புரவுத் தொழிலாளர்களுக்கு மேலாள், எங்கள் சபைக்கு மூப்பர்.

அந்த வருஷம் துப்புரவுத் தொழிலாளர் குடியிருந்த லைன் வீடுகளில் எங்கள் சபைக்காரர் ஒருவர் இறந்தார். ஆள் போனால் வீடும் போகும் என்பது அங்கே சட்டம். அவர் மகளுக்கு ஆண்டிறுதியில் பரீட்சை. மண்டோர் ஒரு வரி எழுதிக் கொடுத்தால் அதுவரை இருக்கலாம். அவரோ அந்த அறையைத் தம் மைத்துனனுக்குக் கேட்டிருந்தார்.

இறந்தவரின் மனைவி என்னிடம் வந்தார். "நீங்க ஒரு வார்த்த சொன்னா கேப்பாரு ஐயா. திங்கக்கெழம காலி பண்ணணுமாம்."

மண்டோர் வீடு இரண்டு சந்து தள்ளித்தான். ஆனால் என் குருப்பட்டச் சிபாரிசில் அவர் கையெழுத்து வேண்டியிருந்தது. பயந்தேன். பயத்துக்குத் தீர்க்கதரிசி வேஷம் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்திலேயே சொல்லிவிடுகிறேன் என்றேன். அந்த அம்மா அதை நம்பிப் போனார்.

ஏழைகளை மிதித்து அவர்கள் தானியத்தைப் பிடுங்கியவர்களை, ஆடு மேய்த்த ஒரு தீர்க்கதரிசி கடிந்துகொண்ட பகுதியை எடுத்தேன். வாய் கிழியப் பேசினேன். சமாரியாவின் பணக்காரர்களைக் கிழித்துத் தோரணம் கட்டினேன். முதல் பெஞ்சில் மண்டோர் தலையசைத்துக் கேட்டார். இனி பிரசங்கம் இந்தத் தெருவுக்கு வரவேண்டும், இந்த லைனுக்கு வரவேண்டும். அவர் கண்ணைப் பார்த்தேன். "அக்காலத்தில் இப்படி இருந்தது" என்று சொல்லி ஜெபத்துக்கு அழைத்துவிட்டேன்.

பிறகு ஏலம். அந்த அம்மாவும் அன்று தன் பிடியரிசியைக் கொட்டியிருந்தார். ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம் என்று கூவி, பானையை மண்டோர் கையில் நானே கொடுத்தேன். அவர் மகிழ்ச்சியாக இருந்தார். "நல்லா படிச்சிருக்கீங்க ஐயா. அந்தக் காலத்துல என்னா அக்கிரமம் பண்ணியிருக்கானுங்க."

திங்கட்கிழமை லைனுக்கு ஓடினேன். லாரியில் இரண்டு பெட்டி, ஒரு பாய்க்கட்டு. மகள் புத்தகப்பையை மடியில் வைத்திருந்தாள். அம்மா என்னைத் திட்டியிருந்தால் பிழைத்திருப்பேன்.

"கடைசி ஜெபம் வரைக்கும் காத்திருந்தேன் ஐயா" என்றார். லாரி ஊரின் வடகோடிக்கு, செம்பவாங் பக்கம் போனது. நான் கால்வாய்க் கரையில் நின்று அழுதேன். ஜெபிக்க வாய் வரவில்லை. அதற்குப் பிறகும் வெகுநாள் வரவில்லை.

அந்த வாரமே கல்லூரியில் பரீட்சை. இன்றைய ஊழியத்துக்குத் தீர்க்கதரிசிகள் எப்படிப் பொருந்துகிறார்கள் என்பது கேள்வி. தாளுக்கு மேல் தாள் வாங்கி எழுதினேன். ஊருக்குத்தானே உபதேசம். முதல் மதிப்பெண் எனக்கு. ஆசிரியர் என் விடையை வகுப்பில் வாசித்துக் காட்டினார்.

அடுத்த ஞாயிறு பானையில் ஒரு வீட்டு அரிசி குறைந்திருந்தது. யாரும் கவனிக்கவில்லை. ஏலத்தை நான்தான் தொடங்கினேன்.