நாலுக்கு முன்னால் ஒரு கோடு

ஒரு நீலப் பேனாவால் என் அக்கா வீட்டுக்காரரின் பிழைப்பைக் கெடுத்துவிட்டேன் என்று பன்னிரண்டு வருடம் நம்பிக்கொண்டிருந்தேன். தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் விசாரணைதான் என்று முடிவு செய்து, கழிப்பறைக்குள் போய் எடுப்பேன். எதிர்முனையில் யாராவது கடன் அட்டை வேண்டுமா என்று கேட்டால், அந்த நிம்மதியில் வாங்கிவிடலாம் போலிருக்கும்.

மாமா கூடைப்பந்து ஆட்டக்காரர். பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது. ஒரு வருடம் ஏதோ ஆலை அணி, அடுத்த வருடம் ஒரு வங்கி அணி, அதற்கடுத்து வேறு மாநிலத்தில் ஒரு துறைமுக அணி. எல்லாம் ஒரு வருட ஒப்பந்தம். சீசன் முடிந்தால் ஜெர்சியை வைத்துக்கொள்ளலாம், வேலையை வைத்துக்கொள்ள முடியாது. சைதாப்பேட்டை வீட்டுப் பரணில் அப்படி ஒன்பது ஜெர்சிகள் சேர்ந்திருந்தன. அவர் கூடையில் அதிகம் போடுகிறவரும் அல்ல. எதிரணியின் கெட்டிக்காரனை ஒட்டிக்கொண்டே ஓடி அவனை ஒன்றும் செய்யவிட மாட்டார்; சரியான நொடியில் பந்தைச் சரியான கையில் கொடுப்பார். கைதட்டல் அந்தக் கைக்குப் போய்விடும்.

நான் எறிந்த பந்து சாக்கடையைத் தவிர எதிலும் விழுந்ததில்லை. கையெழுத்து மட்டும் நன்றாக இருக்கும் என்பதால், விடுமுறை நாட்களில் மேசையில் உட்கார்ந்து ஸ்கோர் தாள் எழுதுவேன். யார் கூடை போட்டாலும் அவருடைய ஜெர்சி எண்ணைக் குறிக்க வேண்டும், அவ்வளவுதான். பந்தைக் கொடுத்தவருக்கு அந்தத் தாளில் கட்டம் கிடையாது.

அந்த வருடம் சென்னையிலேயே ஓர் அலுவலக அணி, நிரந்தர வேலையோடு ஆள் எடுக்கப்போவதாக அறிவித்தது. தி.நகர் மைதானம் ஒன்றில் தேர்வாட்டம். மேசைக்கு என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். மாமாவும் போகிறார் என்று அன்று காலையில்தான் தெரிந்தது. குழந்தை பிறந்ததிலிருந்து மாமாவை வருடத்துக்கு நான்கு மாதம்கூட வீட்டில் பார்க்காத அக்கா, வாசல்வரை வந்து என்னிடம் மெதுவாக, "கொஞ்சம் பாத்துக்கோடா" என்றாள். பார்த்துக்கொள்வது என்றால் பார்ப்பதுதான். எனக்கு அது உத்தரவாகக் கேட்டது.

மாமாவுக்கு அன்று பதினான்காம் எண். அதே அணியில் நாலாம் எண் போட்டிருந்த இளைஞன் ஒருவன் கூடை கூடையாகப் போட்டுத் தள்ளிக்கொண்டிருந்தான், பாதிக்கு மேல் மாமா கொடுத்த பந்தில். இரண்டாம் பாதி தொடங்கியதும் என் கை தானாக வேலை செய்தது. நாலு என்று எழுதியதற்கு முன்னால் சின்னதாக ஒரு கோடு. நாலு பதினான்கு ஆனது. அப்படி மூன்று முறை. மாமாவின் ஆறு புள்ளி பன்னிரண்டாக வளர்ந்தது. ஆட்டம் முடிந்ததும் தேர்வாளர் என்னையே படிக்கச் சொன்னார். படித்தேன். நாலாம் எண் என்னைத் திரும்பிப் பார்த்தான். தேர்வாளர் தாளை வாங்கி, உற்றுப் பார்த்து, மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். நான் தண்ணீர் குடிக்கப் போகிறவன்போல எழுந்து, பாண்டி பஜார் கூட்டத்தில் கலந்து, மூன்று கைக்குட்டைகள் வாங்கி மூன்றையும் வியர்வையில் நனைத்தேன்.

பத்து நாள் கழித்துப் பட்டியல் வந்தது. நாலாம் எண் இருந்தான். மாமா இல்லை. எனக்குக் கணக்கு சரியாகிவிட்டது: கோட்டைக் கண்டுபிடித்துவிட்டார்கள், எனக்குப் பதில் அவரைத் தண்டித்துவிட்டார்கள். மாமா அதற்குப் பிறகு எந்த அணிக்கும் போகவில்லை. அக்கா எதுவும் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் வீட்டில் தலை நிமிராமல் சாப்பிட்டேன். குற்ற உணர்ச்சி என் பசியை ஒன்றும் செய்யவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மாமா இப்போது அடையாறில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் பிள்ளைகளுக்கு ஆட்டம் சொல்லிக்கொடுக்கிறார். போன மாதம் அங்கே போய், பிள்ளைகள் கலைந்த பிறகு, எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். பந்துக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தவர் நிறுத்தவில்லை.

"எத்தினி கூடைடா?"

"மூணு, மாமா."

"அதான பாத்தேன். நீ பன்னண்டுன்னு படிச்சதும், பரவால்ல, நல்லாதான் ஆடிக்கீறோம்னு நெனச்சேன். உங்கக்கா கிட்டகூட சொன்னேன்."

அவர் பந்தைத் தரையில் ஒருமுறை தட்டிப் பார்த்தார்.

"அத்த வுடு மச்சான். என் பேரு லிஸ்ட்டுக்கே போவல. ஏஜ் பார். அன்னிக்கு உங்கக்கா கிட்ட சொல்ல வாய் வரல, கிரவுண்டுக்குக் கெளம்பி வந்துட்டேன்."

நடந்தது இவ்வளவுதான். அந்த வேலைக்கான வயது வரம்பை மாமா நான்கு மாதம் முன்பே தாண்டியிருந்தார். ஐந்துக்கு ஐந்து ஆட ஓர் ஆள் குறைந்ததால் முந்தின நாள் மாலை அவருக்குப் போன் செய்து, சும்மா வந்து நிற்க முடியுமா என்று கேட்டிருக்கிறார்கள். அவர் வந்து முழு ஆட்டமும் ஆடிக்கொடுத்தார்.